டோடோவைச் சிரிக்க வைக்காதீர்கள்: சுவரோவியக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பறவைச் சுவரோவியத் திட்டத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

அழிந்துபோன பறவைகளின் சுவரில், ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருந்த வரிகளை வெள்ளையடித்து மறைத்துவிட்டீர்கள். பெயர் மட்டும் இருக்கட்டும், ஆண்டும் காரணமும் வேண்டாம் என்பது உங்கள் முடிவு. அதோடு நிற்கவில்லை. சுவரின் இரண்டாம் பாதியில் வரவிருந்த, இன்னும் உயிரோடு இருக்கிற பறவைகளின் பகுதியையே ரத்து செய்து, அந்த இடத்தை நன்கொடையாளர் பெயருக்கும் பூவேலைப்பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டீர்கள். சாரம் கட்டிய நாளிலிருந்து இந்தச் சுவரில் தூரிகை பிடித்தவர்களில் நான் ஒருத்தி, நீங்கள் அழித்த வரிகளை எழுதியவளும் நான்தான். தனியாக உங்களிடம் பேசிப் பார்த்தேன். குழுவின் முடிவு இது, இனிமேல் பேச ஒன்றுமில்லை என்றீர்கள். சரி, அப்படியென்றால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று. குழந்தைகள் பார்க்கிற சுவரில் சாவுச் செய்தி வேண்டாம். யாரையோ குற்றம் சொல்வது போல் இருக்கிறது. படம் தானே பேச வேண்டும், எழுத்து எதற்கு. கடைசிக் காரணத்திலிருந்து தொடங்குகிறேன், கேட்கும்போது மூன்றிலும் அதுதான் நியாயமாகத் தெரிகிறது, ஓவியரான எனக்கே ஒரு நிமிடம் இனித்தது.

படம் தானாகப் பேசும் என்றால் டோடோவுக்கு இந்தக் கதி வந்திருக்காது. டோடோ என்றதும் உங்கள் மனதில் வருவது என்ன? குண்டு உடம்பு, பெரிய அலகு, அசட்டு முழி. அந்த உருவத்துக்குப் பெரும்பங்கு காரணம் ரூலண்ட் சாவெரி என்ற ஓவியர் 1620களில் வரைந்த படங்கள். அவற்றில் பெயர்பெற்ற ஒன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார்கள். கூண்டில் அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைத்த பறவையையோ, மோசமாகப் பாடம் செய்த உடலையோ பார்த்து அவர் வரைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். கிட்டத்தட்ட அதே காலத்தில், ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு டோடோவும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாதுகாக்கப்படும் அந்தப் படம், உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தது போல் அவ்வளவு இயல்பாக இருக்கும். டோடோ ஓவியங்களிலேயே நம்பத் தகுந்தவற்றில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது குண்டு டோடோவைத்தான். படத்தோடு கதையும் ஒட்டிக்கொண்டது: அது ஒரு முட்டாள் பறவை, ஓடத் தெரியாமல் செத்துப்போனது!

உண்மையில் டச்சுக்காரர்கள் 1598இல் மொரீசியஸில் இறங்கினார்கள். கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தீவுக்குள் புகுந்தன. தரையில் முட்டையிட்ட பறவைக்கு அவற்றை எதிர்கொள்ளும் வழி எதுவும் இல்லை, காடும் வெட்டுப்பட்டது. பெரும்பாலோர் ஏற்கும் கடைசிக் காட்சி 1662. ஒரு பறவையை நூறு வருஷத்துக்குள் முடித்துவிட்டு, முட்டாள் என்ற பட்டத்தையும் அதற்கே கொடுத்திருக்கிறோம். இப்போது உங்கள் குழு, டோடோவின் அலகு ஓரத்தைக் கொஞ்சம் மேலே வளைத்துச் சிரிக்கிற மாதிரி மாற்றச் சொல்கிறது. காரணத்தை எழுதவும் கூடாது, சிரிக்கவும் வைக்க வேண்டும் என்றால் சாவெரி செய்ததை விடப் பெரிய அநியாயத்தை நாம் செய்கிறோம். அவருக்காவது தெரியாது என்று சொல்லலாம்.

இந்தச் சுவருக்காக ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் பாடம் செய்த பறவைகளைப் பார்த்து வரைய எனக்கு அனுமதி கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை நான் சொல்லவில்லை. ஆய்வுக்காக வைத்திருப்பவை மல்லாக்கப் படுத்திருக்கும், கண் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு தெரியும், அலகிலும் காலிலும் உயிரோடு இருந்தபோதைய நிறம் இருக்காது. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு: எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, யார் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்கிறவர் முதலில் சொன்னதே, தோலைத் தொட்டாலும் தொடுங்கள், சீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பதுதான். சீட்டு போய்விட்டால் அந்த உடலால் ஆய்வுக்குப் பெரிதாக எந்தப் பயனும் இல்லையாம். நீங்கள் வெள்ளையடித்தது எங்கள் பறவைகளின் சீட்டை.

வெள்ளையடித்த பிறகு சாரத்தில் உட்கார்ந்து கீழே நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கிரேட் ஆக் படத்தின் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் அதைப் பென்குயின் என்றே நினைத்தார்கள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்த நிலை, பறக்க முடியாத குட்டைச் சிறகு, அவர்கள் மேல் தப்பே இல்லை. ஓர் ஆசிரியை தன் மாணவர்களிடம் அண்டார்டிக்காவைப் பற்றி விளக்கவே ஆரம்பித்துவிட்டார். அது வட அட்லாண்டிக் பறவை. வரி இருந்தபோது அதே இடத்தில் நின்றவர்கள் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேறு: நிஜமாகவே கழுத்தை நெரித்தா கொன்றார்கள்?

ஆமாம், நிஜமாகவே. ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே என்ற பாறைத் தீவில், 1844 ஜூன் மாதம், அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியைப் பிடித்துக் கொன்றார்கள், முட்டையும் உடைந்துபோனது. அந்தப் பறவைகள் வேண்டும் என்று கேட்டவர்கள் சேகரிப்பாளர்கள். அதற்கு முன்னால் பல தலைமுறைகளாக இறைச்சிக்கும் கொழுப்புக்கும் மெத்தையில் அடைக்கும் இறகுக்கும் இந்தப் பறவையைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருந்தார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த ஃபங்க் தீவில், இறகைப் பிடுங்க வெந்நீர் காய்ச்ச விறகு கிடைக்காதபோது கொழுப்பு நிறைந்த அதே பறவைகளின் உடலையே எரித்தார்கள். கடைசியில் அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் ஒதுங்கவில்லை, அரிதானதாலேயே விலை ஏறி, அருங்காட்சியகங்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் எனக்கு உனக்கு என்று நின்றார்கள். இதில் அழகை ரசிக்கிறவர்களின் பங்கும் இருக்கிறது என்பதால்தான் அந்த வரியை நான் மற்றவற்றை விடக் கொஞ்சம் நீளமாக எழுதினேன். அதைத்தான் நீங்கள் முதலில் அழித்தீர்கள்.

குற்றம் சொல்வது போல் இருக்கிறது என்ற இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைலூசிங் பூங்காவில் பயணப் புறாவுக்கு 1947இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். வைத்தது அந்த மாநிலத்தின் பறவையியல் சங்கம், போராட்டக்காரர்கள் யாரும் இல்லை. அந்த வெண்கலப் பட்டயத்தில், மனிதனின் பேராசையாலும் யோசனையின்மையாலும் இந்த இனம் அழிந்தது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எண்பது வருஷம் ஆகப்போகிறது, அதனால் யார் மனமும் புண்பட்டு யாரும் அதைக் கழற்றவில்லை. 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடப்படும் பறவை அது. கூட்டம் எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று தந்தி சொன்னது, சுட்டதையும் பிடித்ததையும் ரயில் நகரச் சந்தைக்குக் கொண்டுபோனது. குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே கொன்றதால் அடுத்த தலைமுறை வரவே இல்லை. சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் மார்த்தா என்ற கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தது. கரோலினா கிளியின் கடைசிப் பறவையாக அறியப்பட்ட இன்காஸ், அதே காட்சிசாலையில் 1918 பிப்ரவரியில் இறந்தது. சுட்டு விழுந்த துணையைச் சுற்றியே கூட்டம் திரும்பத் திரும்ப வந்ததால் அந்தக் கிளிகளை மொத்தமாகச் சுட முடிந்தது என்ற வரியையும் எழுதியிருந்தேன். மிகையாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் குறிப்பு எழுதினார். மிகை ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தில் நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்தது.

நியூசிலாந்தின் ஹுயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குக் குட்டையான அலகு, பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு, கறுப்பு வால் நுனியில் வெள்ளைப் பட்டை. 1901இல் அங்கே வந்த பிரிட்டிஷ் இளவரசர் அந்த வால் இறகு ஒன்றைத் தொப்பியில் செருகிக்கொள்ள, எல்லோருக்கும் அந்த இறகு வேண்டும் என்றாகிவிட்டது. காடழிப்பும் வெளியிலிருந்து வந்த விலங்குகளும் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தன. உறுதியான கடைசிக் காட்சி 1907 டிசம்பர். இறகைப் பிரமாதமாக வரைந்துவிட்டேன் என்று நீங்களே பாராட்டினீர்கள். அந்த இறகின் அழகுதான் அதைக் கொன்றது என்ற செய்தி இல்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குழந்தைகள் விஷயம். குழந்தைகளுக்குச் சாவு தெரியாது என்று யார் சொன்னது? டைனோசர் பொம்மையோடு தூங்குகிற பிள்ளைகள், அது ஏன் இப்போது இல்லை என்று ஒப்பிக்கவும் செய்வார்கள். வரிகள் இருந்தவரை அவற்றைச் சத்தம் போட்டுப் படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள்தான், பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் அழவில்லை. கோபப்பட்டார்கள், அதுவும் ரொம்பச் சரியான இடத்தில் கோபப்பட்டார்கள். முட்டையை ஏன் உடைத்தார்கள் என்று கேட்ட பையனுக்கு நான் பதில் சொல்லத் திணறியது வேறு விஷயம்.

சோகம் அதிகம் என்பது உங்கள் உண்மையான கவலையாக இருந்திருந்தால் சுவரின் இரண்டாம் பாதியை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அங்கேதான் நம்பிக்கை இருந்தது. டோடோவுக்கு நேர் எதிரே அதே மொரீசியஸின் இளஞ்சிவப்புப் புறாவை வரையத் திட்டமிட்டிருந்தோம். டோடோவும் புறாக் குடும்பத்துப் பறவைதான், அதனால் ஒரு வகையில் இது உறவுக்காரப் பறவை. 1990 வாக்கில் காட்டில் ஏறத்தாழ பத்துப் புறாக்கள்தான் மிச்சம் இருந்தன. கூண்டில் வளர்த்து விட்டு, எலியையும் பூனையையும் கட்டுப்படுத்தி, தீனி வைத்துக் காத்ததில் இன்று சில நூறு இருக்கின்றன. அதே தீவின் வல்லூறு 1974இல் நான்கே நான்கு என்ற நிலைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தது. நியூசிலாந்தின் பறக்காத கிளியான ககாப்போ 1995இல் 51 மட்டும், இப்போது 200க்கு மேல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரே இருக்கிறது. ஒரு பக்கம் டோடோ, எதிர்ப்பக்கம் புறா, நடுவில் நடந்துபோகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதுதான் மொத்தத் திட்டமும். இப்போது டோடோ இருக்கிறது, புறா இல்லை, எதிரே பூவேலைப்பாடு. செத்ததை வைத்துக்கொண்டு பிழைத்ததை அழித்துவிட்டு, சோகம் வேண்டாம் என்கிறீர்கள்.

உயிருள்ளவற்றில் உங்களைச் சங்கடப்படுத்தியது எது என்று எனக்குத் தெரியும், வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு. மருந்தின் பெயரைப் போட்டால் சர்ச்சை வரும் என்றீர்கள். தெற்காசியாவில் கோடிக்கணக்கில் இருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் திடீரென்று சரிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது. கால்நடைகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அந்த இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது என்பது 2004இல் வெளிவந்த ஆய்வில் உறுதியானது. 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைப் பயன்பாட்டுக்கான இந்த மருந்தைத் தடை செய்தன. இதில் சர்ச்சை எங்கே இருக்கிறது? அரசாங்கங்களே ஒப்புக்கொண்டு சட்டம் போட்ட உண்மை. மெலோக்சிகாம் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது. நேபாளத்தில் பாறுகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதற்குக் காரணமே, கொன்றது எது என்று யாரோ விடாமல் தேடிக் கண்டுபிடித்து வெளியே சொன்னதுதான். காரணத்தை எழுதக் கூடாது என்று அப்போது யாராவது முடிவெடுத்திருந்தால்?

கானமயில் பகுதியும் அப்படித்தான் போனது. இந்தியப் புல்வெளிகளில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் பறவை, முன்னால் நேராக வருவதைச் சரியாகப் பார்க்க முடியாத கண்ணமைப்பு, கனமான உடம்பு, மின்கம்பியில் மோதிச் சாகிறது. மின்கம்பியை வரைய வேண்டாம், புல்வெளி மட்டும் போதும், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று என் மாதிரிப் படத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தீர்கள். கம்பி இல்லாமல் வரைந்தால் அது பொய்ப் படம். கம்பிகள் எங்கே போக வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய் வாதாடுகிற அளவுக்கு வெளியே தெரிந்த விஷயம் இது, நம் சுவரில் மட்டும் ரகசியமாக இருக்க வேண்டுமா?

எழுத்தையெல்லாம் கியூஆர் குறியீட்டில் போட்டுவிடலாம் என்று ஒரு சமாதானமும் சொன்னீர்கள். நடந்துபோகிறவர் நின்று, போனை எடுத்து, அதைப் படம்பிடித்து, பக்கம் திறக்கும்வரை காத்திருந்து படிப்பார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? நன்கொடையாளர் பெயரையும் குறியீட்டில் போட்டுவிடலாமே என்று நான் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. குறியீடு ஒரே ஓர் இடத்துக்குப் பொருத்தம்: கௌவாயி ஓஓ என்ற ஹவாய்ப் பறவையின் குரல் பதிவு. 1987க்குப் பிறகு அது பதிவாகவே இல்லை. கொசுக்கள் பரப்பிய பறவை மலேரியாவும் காடழிப்பும் அதற்கு முடிவு கட்டின. ஒற்றை ஆண் பறவை துணையைக் கூப்பிடும் அந்தப் பாட்டைச் சுவரில் எழுதிக்காட்ட முடியாது, அதற்குக் குறியீடு வையுங்கள்.

ஒரு சுவரால் பறவை பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, அவ்வளவு பெரிய எண்ணம் எனக்கு என் தொழில் மீது இல்லை. ஆனால் இதே வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சிற்பி டாட் மெக்ரெயின் வட அமெரிக்காவின் அழிந்த ஐந்து பறவைகளை ஆளுயரத்துக்கு வெண்கலத்தில் வார்த்து, அவை கடைசியாகத் தென்பட்டதோடு தொடர்புள்ள இடங்களில் கொண்டுபோய் வைத்தார். கிரேட் ஆக் நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவின் கடற்கரையில் நிற்கிறது, ஹீத் ஹென் என்ற கோழியினப் பறவை அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டில், அந்த இனத்தின் கடைசிச் சேவல் 1932இல் காணாமல்போன அதே தீவில். சிலை நிற்கிற இடமே அங்கே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை, எங்கோ இருந்த பறவைகளை எல்லாம் ஒரே சுவரில் கூட்டி வைத்திருக்கிறோம், அதனால் நமக்கு எழுத்து வேண்டும். நியூயார்க்கில் பறவை ஓவியர் ஆடுபான் வாழ்ந்த பகுதியில் கடைக் கதவுகளிலும் சுவர்களிலும் வரைகிறவர்கள், காலநிலை மாற்றத்தால் ஆபத்தில் உள்ள பறவைகளைத்தான் வரைகிறார்கள். உயிருள்ளதை வரைந்தால் சர்ச்சை என்று அங்கே யாரும் வேலையை நிறுத்தவில்லை.

இனி நான் கேட்பவை. அழித்த வரிகளை ஒவ்வொரு பறவைக்கும் கீழே திரும்ப எழுத அனுமதியுங்கள்: எங்கே இருந்தது, எந்த ஆண்டுக்குப் பிறகு இல்லை, எதனால். ஒரு பறவைக்கு இரண்டு மூன்று வரிதான், நீளம் என்றால் நானே சுருக்கித் தருகிறேன், ஆனால் காரணத்தை வெட்டச் சொல்லாதீர்கள். எழுத்தின் அளவு நன்கொடையாளர் பெயரின் அளவுக்குக் குறையக் கூடாது. இரண்டாம் பாதியை ரத்து செய்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். பணம் போதாது என்றால் பூவேலைப்பாட்டை விட்டுவிடலாம், இளஞ்சிவப்புப் புறா, பாறு, கானமயில் மூன்றை மட்டுமாவது வரைய இடம் கொடுங்கள், என் கூலியை நான் கேட்கவில்லை. மின்கம்பியோடுதான் கானமயிலை வரைவேன். டோடோவின் அலகை மாற்றச் சொன்ன உத்தரவை ரத்து செய்யுங்கள். உயிருள்ள பறவைகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பகுதியின் வரிகளை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்த்துத் திருத்த ஒருவரை நியமியுங்கள். வரிகளின் உண்மையில் சந்தேகம் இருந்தால் பறவையியல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதற்கு நான் தயார்.

இவற்றில் எதுவும் முடியாது என்பது உங்கள் முடிவானால், சுவரின் மூலையில் இருக்கும் ஓவியர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். எதுவானாலும் எழுத்தில் பதில் வேண்டும், மேல்பூச்சு அடிப்பதற்கு முன்னால் வேண்டும். அதை அடித்துவிட்டால் அதற்கு மேல் எழுத்து சரியாகப் பிடிக்காது, சாரத்தையும் பிரித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுவரில் டோடோவை வரைந்தவள்